காசாவுக்கு அழுதால் இவர்களுக்கு ஏன் எரிகிறது?

தருமபுரி ஜில்லாவில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுகிறது. வேலை தேடித் திருப்பூருக்குப் போன நம் பிள்ளைகளோடு சேர்ந்து மில் வாசல் வரைக்கும் போய்விட்டது.

“நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகளின் பல் காவியேறிப் போகிறது. மழை பொய்த்தால் குடும்பத்தோடு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, கடலுக்கு அப்பால் கிடக்கிற காசாவுக்காகச் செங்கொடிக்காரர்கள் ஊர்வலம் போகிறார்களே, இவர்களுக்கு வேறு வேலை கிடையாதா?”

கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் மனம் நொந்து இப்படிக் கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியைத் தயார் செய்து ஊருக்குள் அவிழ்த்துவிட்ட கனவான்கள் இருக்கிறார்களே, அவர்கள் சங்கதி வேறு. தருமபுரித் தண்ணீரைப் பற்றிய கவலை அவர்களுக்குக் காசா ஊர்வலம் நடக்கிற அன்றைக்கு மட்டும்தான் பிறக்கிறது! மறுநாள் அதே தண்ணீருக்காகப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால், “போக்குவரத்துக்கு இடைஞ்சல்” என்று முகம் சுளிப்பவர்களும் இவர்களே.

சரி, தூர தேசம் வேண்டாம். பக்கத்து ஊர்க்காரன் துயரத்துக்கு இந்தக் கனவான்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அரூர் தாலுகாவுக்கே போவோம்.

வாச்சாத்தியில் நடந்தது

சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆகிய மூன்று இலாகாக்களின் படை அந்த ஊருக்குள் இறங்கியது. பின்னால் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறையில் 155, போலீசில் 108, வருவாய்த்துறையில் 6. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆண்களில் பலர் மலைக்குள் ஓடித் தப்பினார்கள். அகப்பட்ட பெண்களையும் கிழவர்களையும் குழந்தைகளையும் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியே பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமிக்கும் அதே கதி. அதன் பிறகு இரவெல்லாம் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்துச் சித்திரவதை. கடைசியில் 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள், ஆக 133 பேருக்குச் சேலம் ஜெயில்! ஆளில்லாத ஊருக்குள் திரும்பவும் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். தானியத்தை நாசமாக்கினார்கள். ஆடு கோழிகளைத் தின்று தீர்த்தார்கள். ஊர்க் கிணற்றில் கழிவையும் எண்ணெயையும் கொட்டினார்கள்.

ஊர்க் கிணறு! தருமபுரித் தண்ணீருக்காகக் கண்ணீர் வடிக்கிற கனவான்கள் இந்தக் கிணற்றைப் பற்றி என்றைக்காவது ஒரு வார்த்தை பேசியதுண்டா?

நூற்றுக்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போவது ஈ எறும்புக்குத் தெரியாமல் நடக்கிற காரியமல்ல. ஆனாலும் வாரக்கணக்கில் வெளியே மூச்சில்லை. ஏன்? ஜனங்களுக்கு நெஞ்சில் ஈரம் வற்றிவிட்டதா? அப்படிச் சொல்ல நாம் தயாரில்லை. “கடத்தல்காரன்” என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வீரப்பன் பெயரைச் சொல்லிவிட்டு மலையடிவாரத்து ஏழையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்த காலம் அது. வயிற்றுக்கில்லாமல் கட்டை வெட்டக் கூலிக்குப் போனவன் கடத்தல்காரன். கட்டையை விற்றுப் பங்களா கட்டியவன் ஊர்ப் பிரமுகர்!

முதலில் அபாண்டம், பிறகு அடி. வரிசை மாறுவதே இல்லை. பராமுகம் என்பது மனிதன் பிறக்கும்போதே கூடப் பிறப்பதன்று. மில்லில் பஞ்சைச் சிக்கெடுத்து, பட்டையாக்கி, நூலாக இழுப்பதுபோல, ஆளும் கும்பல் அதைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. அடிபட்டவன்மீது ஒரு கெட்ட பெயரை ஒட்டிவிட்டால், பார்க்கிறவன் தலையைத் திருப்பிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

தஞ்சைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். 1973-இல் ஐகோர்ட்டு மிராசுதார்களை விடுதலை செய்தபோது சொன்ன நியாயம் என்ன? கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்! 44 பிணங்கள் சொன்ன சாட்சியைவிட ஒரு காரின் சாட்சி அங்கே எடுபட்டது.

வந்தவர்கள் யார்?

வாச்சாத்திக்கு 1992 ஜூலையில் போனவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத் தோழர் பெ. சண்முகம், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் எம். அண்ணாமலை முதலானவர்கள். அந்த ஊரில் அவர்களுக்குப் பெண் கொடுத்து எடுத்த சம்பந்தம் ஏதுமில்லை. போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள், நம்பினார்கள். நம்பினார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மாநிலத்து மந்திரிகளும் பெரிய அதிகாரிகளும் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்த சமயம் அது. மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் தோழர் அ. நல்லசிவன் முதலமைச்சருக்கு எழுதினார். பயனில்லை என்றதும் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதியதற்காக அவரை நாம் மறக்கமாட்டோம்.

1995-இல்தான் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு பிறந்தது. அதன் பிறகும் கோர்ட்டுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது அந்தப் பெண்களுக்கு. சீருடைக்காரர்களின் முகத்தைப் பார்த்து, “இவன்தான்” என்று விரல் நீட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்பு சொல்லும்போது 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! அவர்களில் 17 பேர் பலாத்காரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடு 12 வருஷம் இழுத்தது. நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவேண்டும், அன்றைய கலெக்டர்மீதும் போலீஸ் சூப்பிரண்டுமீதும் மாவட்ட வன அதிகாரிமீதும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றார்.

ஜூன் 1992-இல் சிறுமியாக இருந்தவர் அன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இரக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். அரிசியும் சேலையும் கொடுத்தவர்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். பட்டினி கிடப்பவனுக்கு முதலில் வேண்டியது சோறு. ஆனால் சோற்றைப் போட்டுவிட்டு, “யார் அடித்தது?” என்று கேட்காமல் திரும்பிப் போகிற ஜீவகாருண்ய சீலர்களை எந்த மந்திரியும் பகைத்துக்கொள்வதில்லை, மாலை போட்டு அனுப்புகிறார். 31 வருஷம் கோர்ட்டு வாசலில் கூட நிற்கிறவனைத்தான் அவருக்குப் பிடிப்பதில்லை.

பஞ்சு இல்லாத மில்கள்

பக்கத்து ஊர் சரி, கடலுக்கு அப்பால் இருப்பவனுக்காகவும் ஏன் என்று கேட்கிறீர்களா? மில் தொழிலாளித் தோழர்கள் இந்தக் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி விளைவித்த தென்பகுதிப் பண்ணை முதலாளிகள் ஒரு பக்கம். லிங்கனின் வடபகுதி சர்க்கார் மறு பக்கம். வடக்கு தென் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஜில்லாவுக்குப் பஞ்சு வருவது நின்றது. மில்கள் மூடின. லட்சக்கணக்கான தொழிலாளிகள் நிவாரணக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். “நம் கப்பற்படையை அனுப்பி முற்றுகையை உடைத்தால் பஞ்சு வரும், மில் ஓடும், உன் பிள்ளை சாப்பிடும்” என்று முதலாளிப் பத்திரிகைகள் தூபம் போட்டன. ஒரு தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய ஆசைவார்த்தை இருக்கமுடியுமா?

1862 டிசம்பர் 31-ஆம் தேதி மாஞ்செஸ்டரில் தொழிலாளிகள் கூடினார்கள். அடிமைமுறையை ஒழிக்கும் போரில் உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதினார்கள். 1863 ஜனவரியில் லிங்கன் பதில் எழுதி, அவர்கள் பட்ட கஷ்டத்தையும் காட்டிய வீரத்தையும் போற்றினார். எல்லா ஊர்த் தொழிலாளியும் ஒரே குரலில் பேசிவிடவில்லை. வயிறு காய்ந்து எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் இங்கிலாந்து அடிமை முதலாளிகளுக்காக யுத்தத்தில் குதிக்காமல் தடுத்தது தொழிலாளி வர்க்கம்தான் என்று 1864-இல் முதலாவது அகிலம் பிறந்தபோது மார்க்ஸ் எழுதிவைத்தார்.

அந்த லங்காஷயர் நம் நெசவாளியின் தறியை முடக்கிய ஊர்தானே என்று கேட்கலாம். முடக்கியவன் மில் முதலாளி. 1931-இல் காந்தி அந்த ஜில்லாவுக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்த ஆண்களும் பெண்களும் கல்லெறிவார்கள் என்று சிலர் பயந்தார்கள். அவர்களோ ஆரவாரம் செய்து வரவேற்றார்கள்!

காசாவின் மேஸ்திரியும் நம் சித்தாளும்

இனிக் காசாவுக்கு வருவோம். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் சாதாரண ஜனங்களைக் கொன்றதை நாம் நியாயப்படுத்தவில்லை. அதைச் சாக்காக வைத்து இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில் செத்தவர்கள் 60,000 பேருக்கு மேல் என்று 2025 ஜூலையில் காசா சுகாதாரத்துறை கணக்குச் சொன்னது. அடுத்த மாதம் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவுள்ள நிபுணர் குழு அறிவித்தது. உணவு லாரிகள் எல்லையில் நிற்க, உள்ளே குழந்தை சாகிற பஞ்சம்! இங்கே ஒட்டப்பட்ட பெயர் “பயங்கரவாதி.” வாச்சாத்திக்கு “கடத்தல்காரன்” என்ன வேலை செய்ததோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்தது. பச்சைக் குழந்தைமீதும் அந்தச் சீட்டை ஒட்டலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

தூர தேசத்து விவகாரம் என்கிறார்களே, எவ்வளவு தூரம்? யுத்தம் தொடங்கியதும் இஸ்ரேலில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த பாலஸ்தீனத் தொழிலாளிகளை விரட்டினார்கள். அந்தக் காலியிடத்துக்கு ஆள் பிடிக்க 2024 ஜனவரியில் எங்கே வந்தார்கள்? ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும்! வேலையில்லாத கொத்தனார்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அங்கே ஒரு மேஸ்திரியின் வயிற்றில் அடித்து, அந்தக் கரண்டியை இங்கே பட்டினி கிடப்பவன் கையில் கொடுக்கிற வியாபாரம் இது. பெங்களூரில் சித்தாள் வேலை செய்கிற தருமபுரிக்காரருக்கு இது புரியாத கணக்கா?

துறைமுகத் தொழிலாளிகளுக்குப் புரிந்தது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகிற ஆயுதச் சரக்கை ஏற்றவும் இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. மூட்டை தூக்குகிற கைக்கு மறுக்கவும் தெரியும் என்று காட்டினார்கள்.

நமக்குள்ளேயே

கனவான்களை இத்தனை கேட்ட பிறகு, நம் சொந்த ஜனங்களையும் ஒன்று கேட்டாக வேண்டும். 2012 நவம்பர் 7-ஆம் தேதி இதே ஜில்லாவில் நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணம் காரணமாம். வெளியூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த கூலியில் வாங்கிய பீரோவும் மோட்டார் சைக்கிளும் கருகிக் கிடந்தன. எரித்த கூட்டத்தில் மிராசுதார்களும் மில் முதலாளிகளும் மட்டுமா இருந்தார்கள்? வாச்சாத்திக்குப் போன போலீஸ்காரனும் வனக் காவலனும் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள்?

கூலிக்காரன் வீட்டைக் கூலிக்காரன் கொளுத்தினால், மறுநாள் கூலி உயர்வு கேட்க இருவரும் எப்படி ஒரே கொடியின் கீழ் வந்து நிற்பார்கள்? பண்ணையாரும் காண்டிராக்டரும் சாதிச் சங்கத்துக்கு நன்கொடை கொடுப்பது தர்ம சிந்தனையால் என்று நினைக்கிற அப்பாவிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ‘அவன் வேறு ஆள்’ என்ற நினைப்பு காலனி எல்லையில் தொடங்கித்தான் காசா வரைக்கும் நீள்கிறது. காலனி எரிந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவர்தான் காசாவைப் பற்றிப் பேசினாலும் கொட்டாவி விடுகிறார்.

அதனால் தோழர்களே, அடுத்த தடவை டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தால் சண்டைக்குப் போகவேண்டாம். கேட்டவர் நம் ஆளாக இருந்தால், மாஞ்செஸ்டர் கதையைச் சொல்லுங்கள். துறைமுகத் தொழிலாளியின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர் கனவானாக இருந்தால், அரூரிலிருந்து வாச்சாத்திக்கு வழி சொல்லி அனுப்புங்கள். அடுத்தவன் துயரம் நமக்கெதற்கு என்பதை அந்த 18 பெண்களின் முன்னால் நின்று அவர் வாய் திறந்து சொல்லட்டும், பார்க்கலாம்.