மின்சாரத்துக்கும் ஒரு தராசு வேண்டும்

ஒரு மூட்டை துவரம் பருப்பு கடை வாசலில் இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? சாக்கின் மேல் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்பிப் பேரேட்டில் ஏற்றுவதில்லை. தராசில் வைத்துப் பார்க்கிறோம். சாக்கு எடையைக் கழிக்கிறோம். அரைக் கிலோ குறைந்தாலும் மொத்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டு விடுகிறோம். ஆனால் மின் கட்டணத்தை மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கட்டி விட்டு, "இந்தத் தடவை ஏனோ அதிகமாக வந்து விட்டது" என்று பெருமூச்சு விடுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில், இது நமக்குப் பொருந்தாத பழக்கம்.

நான்கு குழல் விளக்கும் இரண்டு மின்விசிறியுமாகக் கடை நடத்திய காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இன்று சிறிய மளிகைக் கடையிலும் பால் வைக்க ஒரு பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, குளிர்பானப் பெட்டி, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா என்று வந்து விட்டன. மாடியில் குடியிருக்கும் வீட்டில் ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஹீட்டர். கடைக்கும் வீட்டுக்கும் மும்முனை இணைப்பு வாங்கியவர்கள் நம்மில் பலர். இப்போது கைப்பேசியிலேயே மின் செலவைக் காட்டும் ஸ்மார்ட் மீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பது பற்றி நம் கருத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். மின் வாரியம் பொருத்தும் மீட்டர் வேறு; நாம் வாங்கும் மீட்டர் வேறு. வாரியத்தின் மீட்டர் பில் போடுவதற்கு. நம் மீட்டர் அதற்குப் பின்னால், மெயின் சுவிட்சுக்கு அடுத்து, நம் சொந்தக் கணக்குக்காக உட்காருவது. வாரியத்தின் மீட்டரையோ அதன் சீலையோ தொட்டால் 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு பாயும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்தால் 126 ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். நம் மீட்டர் இந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும்.

மும்முனை இணைப்பில் மொத்த யூனிட் மட்டும் தெரிந்தால் போதாது என்பதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. மின்சாரம் போய் வரும் நாட்களில் பேஸ் சேஞ்சரைத் திருப்பி, உயிருடன் இருக்கும் பேஸுக்கு எல்லாவற்றையும் மாற்றுகிறோம். பிறகு பழைய நிலைக்குத் திருப்ப மறந்து விடுகிறோம். மூன்று பிரிட்ஜும் ஒரே பேஸில் ஓடும். மற்ற இரண்டு பேஸும் சும்மா கிடக்கும். ஒயர் சூடாகும், பியூஸ் போகும். இதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் ஒயர் தளர்ந்து அறுபடுவது. அப்போது பளு குறைந்த பேஸில் 230 வோல்ட்டாக இருக்க வேண்டியது 300-ஐயும் தாண்டி ஏறும். கம்ப்யூட்டரும் பிரிட்ஜும் ஒரே நிமிடத்தில் கருகும். மீட்டர் இதைத் தடுக்காது; அதற்கு வோல்ட்டேஜ் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் கருவி தனியாக வேண்டும். ஆனால் மூன்று பேஸின் வோல்ட்டும் நாளுக்கு நாள் ஒன்றுக்கொன்று விலகிப் போவதை மீட்டர் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்.

இனி லாப நஷ்டக் கணக்குக்கு வருவோம். ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி ரப்பர் நைந்து, சராசரியாக 150 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 3.6 யூனிட். அறுபது நாளில் 216 யூனிட். யூனிட் சுமார் பத்து ரூபாய் என்றால் 2,160 ரூபாய். நூற்றுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சும் மளிகைச் சரக்கில் இந்தத் தொகையைச் சம்பாதிக்க 43,200 ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும். சில நூறு ரூபாய் ரப்பருக்காக இந்த உழைப்பு வீணாகலாமா? கடை மூடிய பிறகு இரவு முழுவதும் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கசிவு கண்ணில் படும்.

மாடி வீட்டுக்கும் இதுவே பொருந்தும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 ஆம் ஆண்டு நிலவரப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விகிதமும் சேர்ந்து மாறி விடுகிறது. நாற்பதாவது நாளிலேயே எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று தெரிந்தால், மீதி இருபது நாளைத் திட்டமிடலாம்.

சரி, எப்படிப்பட்ட மீட்டரை வாங்குவது?

முதலாவது, ஒவ்வொரு பேஸுக்கும் வோல்ட், ஆம்பியர், கிலோவாட் ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும். பவர் பேக்டரும் காட்டினால் நல்லது. மொத்தத்தை மட்டும் காட்டுவது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, அளவு. பத்து கிலோவாட் பளு மூன்று பேஸிலும் சமமாகப் பிரிந்தால் பேஸுக்குச் சுமார் 15 ஆம்பியர்தான். ஆனால் நம் கடைகளில் சமமாகப் பிரிவதில்லை. எனவே நேரடியாக ஒயர் கோக்கும் வகையானால் 60 ஆம்பியர் தாங்குவதாகப் பாருங்கள். ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் வகையானால் அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்காதீர்கள். 500 ஆம்பியர் கிளாம்பில் 2 ஆம்பியரை அளப்பது, மூட்டைத் தராசில் ஏலக்காய் நிறுப்பதற்குச் சமம்.

மூன்றாவது, துல்லியம். கிளாஸ் 1 என்றால் பிழை நூற்றுக்கு ஒன்று. ஒயர் கோக்கும் வகையில் ஐ.எஸ். 13779 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. பல மீட்டர்கள் அளவை விற்ற கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்துதான் நம் கைப்பேசிக்குத் தருகின்றன. அந்தக் கம்பெனி கடையைக் கட்டினால் நம் மீட்டரும் ஊமையாகி விடும். மீட்டரிலேயே எண்கள் தெரியும் திரை இருக்க வேண்டும். கணக்கை நம் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொள்ள வழி இருக்க வேண்டும். ஆர்.எஸ். 485 இணைப்பு இருந்தால் பிற்காலத்தில் வேறு கருவியோடும் சேர்த்துக் கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: இரவு ஷட்டரை இறக்கும்போது பிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்து விட்டுப் போகிறோம். வை-பை பெட்டியும் அதில் அணைந்து விடும். அந்த நேரத்துக் கணக்கைத் தன்னுள்ளேயே சேமித்து வைக்கும் மீட்டர்தான் நமக்குப் பயன்படும். நாம் தேடுவதே அந்த இரவுக் கணக்கைத்தானே!

ஐந்தாவது, மாடியில் சூரிய மின் தகடு போட்டவர்கள், வருவதையும் போவதையும் தனித்தனியே எண்ணும் மீட்டரைத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே அனுப்பிய மின்சாரமும் செலவுக் கணக்கில் ஏறி விடலாம்.

பொருத்தும் வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். கிளாம்ப் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டால், பேஸுக்கு 2 கிலோவாட் வீதம் 6 கிலோவாட் ஓடும் கடையில் மொத்தம் 2 என்று காட்டும். அதைப் பார்த்து மகிழ்ந்து விடக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்து விட்டு, வாட் தெரிந்த ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒவ்வொரு பேஸிலும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும்.

"பில் வந்தால் கட்டித்தானே ஆக வேண்டும், நம் மீட்டர் காட்டுவதை வாரியம் ஒப்புக் கொள்ளுமா?" என்று கேட்பார்கள். ஒப்புக் கொள்ளாது. முத்திரை இல்லாத நம் வீட்டுத் தராசை எடை ஆய்வாளர் ஒப்புக் கொள்வாரா? ஆனால் சந்தேகத்தை எழுப்ப அது போதும். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, அளவு பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும். "அதிகமாக வந்து விட்டது" என்று வாயால் சொல்வதற்கும், அறுபது நாள் கணக்கை எழுத்தில் நீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 2023 ஜூனில் அதே விதிகளில் நேர வாரிக் கட்டணம் சேர்க்கப்பட்டது. 10 கிலோவாட்டுக்கு மேல் தேவையுள்ள வணிக நுகர்வோருக்கு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின், உச்ச நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் கூடுதல், சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு என்பது அதன் சாரம். நேரத்தையும் விகிதத்தையும் மாநில ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்க வேண்டும். மாலை ஆறு முதல் பத்து வரை நமக்கு வியாபாரம் நடக்கும் நேரம். அந்த நேரத்தில் விளக்கை அணைத்து விட்டுக் கடை நடத்த முடியாது. இதை யார் எடுத்துச் சொல்வது?

கட்டணம் மாற்றுவதற்கு முன் ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் அப்படிக் கூட்டங்கள் நடந்தன. அடுத்த கூட்டத்தில் நாம் கோபத்தை மட்டும் எடுத்துக் கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் உட்கார வைத்து விடுவார்கள். பத்துக் கடைகளின் மணிவாரிக் கணக்கை எடுத்துக் கொண்டு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் இன்றே மீட்டர் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிரிட்ஜும் நான்கு விளக்கும் உள்ள கடைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரவு கடை மூடும்போதும் காலையில் திறக்கும்போதும் வாரிய மீட்டரின் எண்ணைக் குறித்து வாருங்கள். பதினைந்து நாளில் பாதி உண்மை தெரிந்து விடும். அதற்கு மேலும் தேவைப்படுகிறவர்களுக்காக, நம் சங்கம் கிளாம்ப் வகை மும்முனை மீட்டர் இரண்டை வாங்கி, உறுப்பினர் கடைகளுக்குப் பதினைந்து நாள் வீதம் சுற்றுக்கு விடலாம் என்பது நம் யோசனை. மாட்டிக் கழற்ற ஓர் எலக்ட்ரீஷியனையும் சங்கமே அமர்த்தலாம். கிடைக்கும் கணக்கின் ஒரு நகல் கடைக்காரருக்கு. ஒரு நகல் சங்க அலுவலகத்துக்கு.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போம். வரும்போது உறுப்பினர்கள் கடைசி மூன்று மின் கட்டண ரசீதுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.