கோபம் பெயர் மீது, கிருமி வயிற்றிலே!

வயிறு வலித்தால் நம் தொழிலாளத் தோழன் என்ன செய்கிறான்? வாயு என்கிறான், சூடு என்கிறான்; ஒரு சோடாவைக் குடித்துவிட்டு ஆலைக்குப் போகிறான். போகாவிட்டால் கூலி ஏது? மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரும்போது குடல்வால் வெடித்துக் கிடக்கிறது. குடலுக்குள் அடங்கியிருந்த கோடானுகோடிக் கிருமிகள் வயிற்றறையெங்கும் பரவிச் சீழ் பிடித்துவிட்டது.

டாக்டர் அறுக்கிறார், சீழை வடிக்கிறார், கழுவுகிறார். கத்தி செய்வது பாதி வேலை. மீதியை மருந்துதான் செய்யவேண்டும். அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாவிட்டால்? கட்டுப்படாத காலம் வந்தேவிட்டது, தோழர்களே!

ஈ.கோலி, கிளெப்சியெல்லா என்பவை குடலிலே குடியிருக்கும் கிருமிகள். மற்ற மருந்துகள் தோற்றபின் இவற்றின் மீது ஏவும் ஆயுதம் கார்பபெனெம். அந்த ஆயுதத்தையே அறுத்தெறியும் நொதி ஒன்றை, புதுடெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் கண்டார்கள். 2009-இல் அதற்கு ‘நியூ டெல்லி’ என்ற பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்விலே, சென்னையில் எடுத்த கிருமி மாதிரிகளில் 44-இல் அது இருந்தது.

வந்ததே டெல்லிக்குக் கோபம்! நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள், சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டாரைத் தடுக்கச் சதி செய்கிறார்கள் என்றெல்லாம் முழக்கம். பெயர் வைத்தவன் மீது பாய்ந்த வேகத்திலே பாதியையாவது கிருமி மீது காட்டினார்களா? 2011-இல் இன்னொரு ஆய்வு வந்தது. டெல்லித் தெருக்களிலே கசிந்து தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் 2-லும் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு இருந்தது. குழாய் நீர், தோழர்களே! குடிக்கிற நீர்!

“மருந்துக்கடையிலே நீங்களாக இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறீர்கள், அதனால் வந்த வினை” என்று நமக்கு உபதேசம் செய்வோர் உண்டு. அதிலே உண்மை இல்லாமலில்லை. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அதை விழுங்குவது வீண், கேடும்கூட. ஆனால், ஒரு மாத்திரையும் தொடாதவன் குடலுக்குள்ளும் சாக்கடை கலந்த நீர் வழியாக அந்தக் கிருமி நுழைகிறதே, அதற்கு அவன் என்ன செய்வான்? ஐதராபாத்தை அடுத்த படான்சேருவிலே, மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததென 2007-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. மருந்து உண்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! இரண்டு மாத்திரை வாங்கியவன் குற்றவாளி. ஆற்றுக்கே மருந்தூட்டியவர் தொழிலதிபரா?

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல், எச்-1 பட்டியலிலுள்ள மருந்துகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும். பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரியைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

டாக்டர்களிடமும் ஒரு சொல். வயிற்றுச் சீழ் நோயாளிகள் 518 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்து 2015-இல் முடிவு சொன்னார்கள். சீழை முறையாக வடித்து, ஊற்றுக்கண்ணை அடைத்த பின், நான்கு நாள் மருந்து பெற்றவர்களும் எட்டு நாள் வாக்கில் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தேறினார்கள். ஆகவே நாளை நீட்டுவதெல்லாம் நலமாகிவிடாது. (எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், நாமாக நிறுத்திவிடக்கூடாது.) ஆனால், டாக்டரை மட்டும் குறை கூறி என்ன பயன்? சீழை எடுத்துக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் வசதி இல்லாத இடத்திலே, அவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதானே அம்பெய்கிறார்? குறி தவறினால் சாய்வது நம் தோழனல்லவா?

அடுத்த சங்கக் கூட்டத்திலே போனசுத் தீர்மானத்தை எழுதிய கையோடு இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: அறுவைக்கூடம் உள்ள ஒவ்வொரு அரசினர் மருத்துவமனையிலும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கூடம் வேண்டும், குடிநீர்க் குழாயை ஒட்டிச் சாக்கடை ஓடும் தெருக்களைக் கணக்கெடுத்து, அதை நகராட்சி மன்றத்திலே வைக்கவேண்டும்.