ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சற்று மெதுவாக இயங்கினால் போதும். உடனே செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று பத்து இடங்களில் டிக் அடையாளத்தை எடுத்துவிடுவார்கள். வேகம் கூட்டும் என்று யாரோ சொன்ன இரண்டு புரோகிராம்களைப் பதிந்துகொள்வார்கள். அதன் பின்னர் பிரிண்டர் வேலை செய்யாது. எந்த மாற்றத்தால் வந்த வினை என்று கேட்டால் பதில் இருக்காது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் இதே தவறை நான் கம்ப்யூட்டரில் அல்ல, ஒரு பொம்மை வண்டியில் செய்தேன்.

என் அக்கா மகனுக்குப் பிறந்த நாள் பரிசாக ரேடியோ கண்ட்ரோல் மான்ஸ்டர் டிரக் ஒன்று வந்தது. உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பெரிய டயர், உயரமான உடம்பு, நான்கு சக்கரத்திற்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர். முதல் சில வாரங்கள் நன்றாக ஓடியது. பின்னர் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் கவிழ ஆரம்பித்தது. நான் உடனே விறைப்பான ஸ்பிரிங் செட் ஒன்று வாங்கினேன். சரியாகவில்லை. அகலமான டயர்கள் வாங்கினேன். ஷாக் அப்சார்பரின் மேல் முனையை வேறு துளைக்கு மாற்றினேன். இப்போது வண்டி கவிழ்வதோடு, மேடு பள்ளத்தில் தவளை போலத் தாவவும் செய்தது.

அப்போது அவன் கேட்டான்: "மாமா, முதல்ல எந்தத் துளையில இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. டிரக் பரண் மேல் ஏறியது. பையன் மொபைல் போனில் கேம் விளையாடப் போய்விட்டான்.

சஸ்பென்ஷன் என்ன செய்கிறது?

பரணில் இருந்து அதை இறக்கி, முதலில் இருந்து கற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. நான் புரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

சஸ்பென்ஷனில் இரண்டு வேலைகள் உள்ளன. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அமுங்கிய சக்கரத்தைத் திரும்பத் தள்ளுகிறது. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் சிலிக்கான் ஆயில், அந்த அசைவு எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. சிறு துளைகள் கொண்ட பிஸ்டன் ஒன்று ஆயிலுக்குள் மேலும் கீழும் செல்லும். ஆயில் கெட்டியாக இருந்தால் அசைவு மெதுவாகும். மெல்லியதாக இருந்தால் வேகமாகும். ஸ்பிரிங் செய்யும் தவறை ஆயிலை மாற்றித் திருத்த முடியாது. ஆயில் செய்யும் தவறை ஸ்பிரிங்கை மாற்றியும் திருத்த முடியாது. நான் செய்தது இதுதான்.

ஷாக் அப்சார்பரின் மேல் மாட்டும் சிறு பிளாஸ்டிக் வளையங்களைப் பார்த்திருப்பீர்கள். சில வண்டிகளில் திருகும் வளையம் இருக்கும். வளையத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியின் தடிமனையும் சுருள்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் பொறுத்தது. வளையம் வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. கவிழும் வண்டிக்கு நான் வளையங்களைக் கூட்டிக்கொண்டே போனேன். உயரம் கூடிய வண்டி இன்னும் எளிதாகக் கவிழ்ந்தது. வளையங்களைக் கழற்றிக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் பலன் கிடைத்திருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் கழற்றவும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தண்டை விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கவும். நான்கும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். ஒன்று மட்டும் தளர்வாகவோ, களக் களக் என்ற ஓசையுடனோ சென்றால் அதில் ஆயில் குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. எங்கள் டிரக்கில் வலது பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயிலே இல்லை. உள்ளே இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து, ஆயில் முழுவதும் கசிந்து போயிருந்தது. இடது பக்கம் திரும்பும்போது எடை சாய்வது வலது பக்கம்தானே! ஒரு சிறு ரப்பர் வளையத்தின் குறைக்கு நான் ஸ்பிரிங்கும் டயரும் வாங்கியிருக்கிறேன்.

ஓ ரிங்கை மாற்றிப் புது ஆயில் ஊற்றிய பின், பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழ்கள் மேலே வரும்வரை சில நிமிடங்கள் காத்திருக்கவும். அவசரப்பட்டு மூடினால் குமிழ் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து உயரம். பேட்டரியை மாட்டிவிட்டுப் பாருங்கள். காலி வண்டியை வைத்துப் பார்த்தால் கணக்குத் தவறும். வண்டியைச் சமதரையில் வைத்து ஒருமுறை அழுத்தி விடவும். சக்கரத்தைத் தாங்கும் கைகள் தரைக்கு இணையாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருந்தால் அது நல்ல தொடக்கம். எடையால் வண்டி கொஞ்சம் அமுங்கித்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட முடியும்.

மூன்றாவது, போட்டுப் பார்க்கும் சோதனை. சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருந்து வண்டியைச் சமமாகக் கீழே விடவும். அடிப்பாகம் தரையை லேசாகத் தொட்டு, ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது. பந்து போலத் துள்ளினால் ஆயில் மெல்லியது. அடிப்பாகம் பலமாக மோதினால் ஆயிலைக் கெட்டியாக்கிப் பார்த்து, போதவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றலாம். துள்ளாமல் நின்றும், சிறு கற்கள் உள்ள தரையில் நடுங்கிக்கொண்டே ஓடினால் ஆயில் தேவைக்கு மேல் கெட்டி.

இதில் நம் கம்ப்யூட்டருக்கும் வேலை உண்டு. மொபைல் போனில் ஸ்லோ மோஷன் வீடியோவாக எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளவும். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் அதைத் திறந்து, ஆங்கில 'ஈ' எழுத்துக்கான கீயை அழுத்த அழுத்த, படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது துள்ளலும் அதில் தெரிந்துவிடும்.

ஆயில் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் 30 வெயிட் ஆயிலும் மற்றொரு கம்பெனியின் 30 வெயிட் ஆயிலும் ஒரே கெட்டியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பாட்டிலில் சென்டிஸ்டோக் அளவு தரப்பட்டிருந்தால் அதையே ஒப்பிடவும். வெயிலில் ஆயில் இளகும் என்பதையும் நினைவில் கொள்ளவும். மே மாத நண்பகலில் சரியாக இருந்தது, டிசம்பர் காலையில் அப்படியே இருக்காது.

அடுத்தவர் செட்டிங் நமக்கு உதவுமா?

பந்தயங்களில் வென்றவர்களின் செட்டிங் விவரங்கள் அட்டவணைகளாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே பின்பற்றுவது சரியல்ல என்பது என் கருத்து. அவருடைய களம், டயர், பேட்டரி எடை எல்லாமே வேறு. அவர் நூறு முறை ஓட்டிப் பார்த்து அடைந்த விடை அது. நம்மிடம் அந்த நூறு ஓட்டங்களும் இல்லை. விடையை மட்டும் எடுத்துக்கொண்டால், அது பொருந்தாதபோது எங்கே திருத்துவது என்று தெரியாது.

அப்படியானால் புதுப் பாகமே வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். வாங்கலாம். உடைந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். எடை கூடிய பேட்டரியைப் பொருத்தினால் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படலாம். நிஜ மான்ஸ்டர் டிரக்குகளின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் 1974 மாடல் ஃபோர்டு பிக்கப் ஒன்றை மாற்றி அமைத்த 'பிக்ஃபுட்', 1981இல் கார்களின் மீது ஏறிப் புகழ் பெற்றது. அதில் இருந்தவை சாதாரண லாரிப் பட்டை ஸ்பிரிங்குகள். 1989இல் வந்த 'பிக்ஃபுட் 8' குழாய்ச் சட்டமும், நீண்ட தூரம் அமுங்கும் நைட்ரஜன் ஷாக் அப்சார்பர்களும் கொண்டிருந்தது. புதுப் பாகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பழையதால் எது முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியாது. அதுதான் வித்தியாசம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இப்போது நானும் மருமகனும் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றும் முன் பழைய நிலையை எழுதி வைக்க வேண்டும். தேதி, தரை, என்ன மாற்றினோம், என்ன ஆயிற்று என நான்கு கட்டங்கள் போதும். எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டிலும் இதை அமைக்கலாம். கம்ப்யூட்டர் அருகில் இல்லாத மைதானத்தில் பத்து ரூபாய் நோட்டு போதும். மோசமானால் ஆலன் கீயை எடுத்துப் பழைய துளைக்கே திரும்பிவிடுவோம்.

விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வசதி இருப்பது இதற்காகத்தான். 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் எம்.இ. பதிப்பில் இருந்து அது உள்ளது. பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன் அது இயக்கத்தில் உள்ளதா எனப் பார்த்து, ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் அமைத்திடுங்கள். ஆனால் அது எதை மாற்றினீர்கள் என்று உங்களுக்குக் கற்றுத் தராது. அதற்கு நோட்டுதான் வேண்டும்.

டிரக் இப்போது கம்பெனி கொடுத்த அதே பழைய ஸ்பிரிங்குகளுடன் ஓடுகிறது. நான் வாங்கிய செட் டப்பாவிலேயே இருக்கிறது. செலவான பணம் பெரிதல்ல. ஏதாவது சரியில்லை என்றால் கடைக்குப் போக வேண்டும் என்று ஒரு பையனுக்கு நானே கற்றுக்கொடுத்துவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. சென்ற மாதம் அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானபோது, புது ராம் வாங்கலாமா என்று கேட்டேன். "இருங்க மாமா, போன வாரம் என்ன போட்டேன்னு பார்க்கிறேன்" என்று நோட்டைப் புரட்டினான்.

உங்கள் வீட்டிலும் டிரக்கோ கம்ப்யூட்டரோ புதிதாக வந்திருந்தால், எல்லாம் நன்றாக ஓடும் இன்றைக்கே அதன் செட்டிங்குகளை எழுதி வைத்துவிடுங்கள்.