பெற்ற குலமா, வளர்த்த கையா?

மாயக் கதைகளைப் படிப்பது பிள்ளைத்தனம் என்றும், அதிலும் தாய் தந்தையற்ற சிறுவனொருவன் அயலாரையே உற்றாராக்கிக் கொள்ளும் கதைகள் வெறும் மேனாட்டுச் சரக்கு என்றும் பண்டிதர் சிலர் சொல்லி வருகின்றனர். அக்கதைகள்மீது நமக்குப் பெரும் பிரியம் உண்டு; அதை மறைப்பானேன்? ஆனால் எல்லாவற்றையும் நாம் கொண்டாடுவதில்லை. கொள்ளுவது எது, தள்ளுவது எது என்று அளக்க நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கின்றது. அது கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் கிடைத்த அளவுகோலாகும்.

மேனாட்டுச் சரக்கா? புக்கிட் ரோத்தானையும், ஈஜோக்கையும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையையும் சுற்றியிருந்த தோட்ட லயங்களை எண்ணிப் பாருங்கள். கங்காணி தன் ஊராரையே திரட்டி வந்ததுண்டு; குலம் பார்த்து வீடு பிரித்ததும் உண்டு. ஆயினும் விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய், தன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில்தான் விட்டுப் போனாள். அங்கே தொட்டிலாட்டிய கை எக்குலத்தது என்று அழுத பிள்ளை கேட்டதா?

யுத்த காலத்தில், 1942-43 ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். திக்கற்று நின்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தவர்களில் அடுத்த வீட்டாரும் உண்டு. சின்னம்மா, மாமா, பாட்டி என்ற சொற்கள் அங்கே பிறப்பால் வந்தவையல்ல, செய்கையால் வந்தவை. இப்பகுதித் தென்னமரம் தோட்டத்தில் 1917 இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனையை நட்ட பிரெஞ்சுத் துரை ஆன்றி ஃபொக்கோனியே, மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930 இல் கோன்கூர் பரிசு பெற்றார். துரையின் கதைக்குப் பாரிசில் பரிசு. ஆயாவின் கதைக்கு எவ்வூரில் பரிசு?

நிற்க. நாம் தள்ளும் கதை எது? இடையன் குடிசையில் வளர்ந்த பிள்ளை கடைசி அத்தியாயத்தில், மச்சத்தாலோ மோதிரத்தாலோ, அரசகுமாரன் என்று அறியப்படுகின்றான். உடனே பல்லக்கு வருகின்றது. பாலூட்டியவள் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கின்றாள். இதைச் சுபம் என்று முடிப்பது எவ்வளவு பெரிய அநீதி! 1997 இல் தொடங்கி உலகையே மயக்கிய ஹாரி பாட்டர் கதையிலும் இக்குறை இல்லாமலில்லை. அன்பு காட்டுவது அயலாரான வீஸ்லி குடும்பம். மாடிப்படியின் கீழ் அடைத்துவைப்பதோ சொந்தப் பெரியம்மாள். அப்படியிருந்தும், அவனைக் காக்கும் மந்திரம் அந்தப் பெரியம்மாளின் இரத்தத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றது!

நாம் கொள்ளும் கதை கர்ணன் கதை. நீ குந்தியின் மகன், அரசு உனதே என்று கண்ணனே வந்து கூறியும், தேரோட்டி அதிரதனும் ராதையுமே தன் பெற்றோர் என்று நின்றான் அவன். தன் பிறப்பைப் பாண்டவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். அவனது வீரத்துக்குச் சூரியனைக் காரணங்காட்டுவது நமக்கு உடன்பாடன்று. அந்த மறுப்பொன்றே நமக்குப் போதும்.

இனி வாசகர்களை ஒன்று கேட்கின்றோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல விற்கப்பட்டு வீட்டு மனைகளாயின, லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். பிள்ளைகள் படித்தார்கள், மாடி வீடும் கட்டினார்கள். நன்று. ஆனால் கர்ணன் மேடையில் மடியும்போது கண்ணீர் விடுகின்ற அதே கனவான்கள், மகளுக்கு வரன் பார்க்கும்போது, "பூர்வீகம் எது? என்ன ஆட்கள்?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பது ஏன்? ஆயாக் கொட்டகையில் கேளாத கேள்வி கலியாண மண்டபத்தில் எங்கிருந்து வந்தது? கடைசி அத்தியாயத்துப் பல்லக்கு என்று நாம் சொன்னது இதைத்தான்.

கதையில் கண்டெடுத்த குடும்பத்தை வியந்து, வீட்டில் குலத்தைத் தேடுகின்றவனுக்கு இலக்கிய ருசி இருக்கின்றதென்று நாம் ஒப்பமாட்டோம். அவன் படித்தது காகிதத்தையேயன்றிக் கதையையன்று.