ஆயத்தமாகும் வரை காத்திருக்கலாமா?

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வந்த குடும்பங்களின் நாவில் அடிக்கடி எழும் வார்த்தை ஒன்று உண்டு. “சற்றே நிலைபெற்ற பின்பு பார்த்துக்கொள்வோம்” என்பதே அது. வீடு வாங்குவதற்கு இது பொருந்தலாம். கடவுள் உள்ளத்தில் உணர்த்திய கடமைக்கும் இதனையே விடையாகக் கூறுதல் தகுமோ?

நாயுடுபேட்டையில் வாழும் நம்மவர் கடும் நோய்க்கு வைத்தியம் வேண்டிக் காளத்தி, திருப்பதி, சித்தூர் வழியாக வேலூர் செல்வதுண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தோன்றிய வரலாறே நம் வினாவிற்கு நல்ல விடையாகும்.

அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1870-ஆம் ஆண்டில் மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அமெரிக்காவில் பயின்ற அவர், நோயுற்ற தாயாருக்கு உதவும் பொருட்டுத் திண்டிவனம் வந்திருந்தார். இந்நாட்டில் தங்கி ஊழியம் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தத்தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவம் அறியாதவர். மருத்துவரான தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறியும், அந்நிய ஆடவர் பார்த்தல் கூடாதென்று மூவரும் மறுத்தனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. மருத்துவம் கற்றுத் திரும்புவதென அம்மையார் உறுதி பூண்டார்.

உடனே கீழ்ப்படிதல் என்றால் பயிற்சியின்றிப் பாய்தல் என்று எவரும் கருத வேண்டா. அவர் ஆண்டுக்கணக்கில் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அப்படிப்பு கடமையைத் தள்ளிப்போடும் சாக்கன்று. கடமையின் முதற் படியேயாகும்.

1900-இல் அவர் வேலூருக்கு வந்தபோது தகுந்த மருத்துவமனை இல்லை. துணை நின்று வழிகாட்ட வேண்டிய தந்தையாரும் அவ்வாண்டே காலமானார். காத்திருக்க இவற்றினும் தக்க காரணம் வேறு வேண்டுமோ? ஆயினும் அவர் வீட்டின் சிற்றறையிலேயே வைத்தியத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகள் அவரிடம் வந்தனர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உண்டாயிற்று.

வேதாகமத்திலே பேலிக்ஸ் என்னும் அதிபதியைக் காண்கிறோம். பவுலின் போதனை கேட்டு அவன் நடுங்கினான். ஆயினும் தக்க சமயத்தில் அழைப்பதாகக் கூறி அவரை அனுப்பிவிட்டான். பிறகு பலமுறை அழைத்துப் பேசியும் மனந்திரும்பியதாகச் செய்தியில்லை. ஈராண்டு கழிந்தபின் பதவியை விட்டுப் போனான். பவுலோ சிறையிலேயே இருந்தார்.

நம் நிலை யாது? தெலுங்கு நன்கு வராது என்று அண்டை வீட்டு நோயாளியைக் காணாதிருக்கிறோம். ஆராதனை மொழி புரியாதென்று ஆலயம் செல்லாதிருக்கிறோம். கோபம் தணியட்டும் என்று ஊரிலுள்ள உடன்பிறந்தானோடு பேசாதிருக்கிறோம். மொழி, பேசப் பேச வரும். கோபமோ, பேசாதிருப்பதால் தணிவதில்லை.

நெடுநாளாய் ஒத்திவைத்த கடமை ஒன்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கும். இவ்விதழை மூடியதும் அதன் முதற் படியை எடுத்து வையுங்கள். வேண்டிய பலத்தைக் கர்த்தர் வழியிலே அருளுவார்.