மயிலாப்பூர் முறுக்கில் சேராத கூலி

"வீட்டையும் தொழிலையும் எப்படிங்க பேலன்ஸ் பண்றீங்க?" வீட்டிலிருந்தே தொழில் பண்ற பெண்களைப் பேட்டி எடுக்கிறவங்க தவறாம கேட்கிற கேள்வி இது. பதிலும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். காலையில நாலரைக்கு எழுந்துக்கணும், நேரத்தைத் திட்டம் போட்டுக்கணும், வீட்டு மனுஷங்க ஒத்துழைக்கணும். எனக்கு இந்தப் பதில் ஒப்பலை. நாலரைக்கு எழுந்துக்கிறதுக்குப் பேரு பேலன்ஸ் இல்லைங்க, தூக்கத்தை வித்துத் தொழில் பண்றது. இங்க இடிக்கிறது நேரக் கணக்கு இல்லை, கூலிக் கணக்கு.

வயல்காரனுக்கு இதுல என்ன பேச்சுன்னு நினைக்கலாம். மாசம் ரெண்டு தடவை மதுராந்தகம் பக்கத்துல இருந்து செக்கு எண்ணெயும் உளுந்தும் ஏத்திக்கிட்டு அடையார், மயிலாப்பூர், தி.நகர்னு சுத்தி வர்றேன். என்கிட்ட வாங்குறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுலயே பலகாரம், வடாம், பருப்புப் பொடி போட்டு விக்கிற அக்காமார்தான். பாண்டி பஜாருக்குப் பின்னாடித் தெருவுல சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சு, பிளவுஸ் தைக்கிற ஒருத்தங்களும் உண்டு.

மயிலாப்பூர்ல மாட வீதிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா முறுக்கு, தட்டை போடுறாங்க. "கிலோ 360 ரூபாய்க்கு விக்கிறேன் தம்பி, 90 ரூபாய் லாபம் நிக்குது"ன்னாங்க. அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 240. கவரு, கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு 30. ஒரு நாளைக்கு நாலு கிலோ, அதனால 360 ரூபாய். மாவு சலிச்சு, பிழிஞ்சு, சுட்டு, ஆற வெச்சுக் கட்டுறதுக்கு அக்காவுக்கு அஞ்சு மணி நேரம். மாமியார் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கை கொடுக்கிறாங்க. ஏழு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 51 ரூபாய் சொச்சம். "340-க்கு வராதா?"ன்னு வாட்ஸ்அப்ல நடக்கிற பேச்சுக்கான நேரம் இதுல சேரலை. எண்ணெய் சட்டியைத் தேய்க்கிற நேரமும் சேரலை. அந்த 90 லாபம் இல்லைங்க. அவங்க கூலியே அதுல முழுசா வரலை.

இது எங்களுக்குப் பழகின விஷயம். நெல்லுக்கு விலை சொல்ற மத்திய அரசு ஆணையம் மூணு விதமா செலவு எழுதும். விதை, உரம், கூலின்னு கையிலிருந்து கொடுத்தது ஏ2. அதோட வீட்டு ஆளுங்க உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தா ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி இதையும் சேர்த்தா சி2. விவசாயிகள் சி2-வுக்கு மேல பாதி சேர்த்துக் கேட்கிறாங்க. 2018 பட்ஜெட்டுக்கு அப்புறம் அரசு கொடுக்கிறதாச் சொல்றது, ஏ2 கூட்டல் எஃப்எல்லுக்கு மேல பாதி. அந்தச் சண்டை இன்னும் ஓயலை. ஆனா பாருங்க, களை எடுத்த பொண்டாட்டி உழைப்புக்கும் காசு உண்டுன்னு எங்க விஷயத்துல காகிதத்துலயாவது எழுதியிருக்கு. மயிலாப்பூர் முறுக்குக்கு அந்த எஃப்எல் கிடையாது. அக்கா போட்டது சுத்தமான ஏ2 கணக்கு.

ஏன் போடலைன்னா, வீட்டுக்குள்ள அவங்க செய்யிற எதுக்குமே விலை போட்டுப் பழக்கம் இல்லை. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யிற பெண்களுக்கு அதுல ஒரு நாளைக்கு 299 நிமிஷம் போகுது. செய்யிற ஆண்களுக்கு 97 நிமிஷம். 2024-ல திரும்ப எடுத்தாங்க. பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அஞ்சு வருஷத்துல நம்ம ஆம்பளைங்களும் ஒம்பது நிமிஷம் குறைச்சுக்கிட்டாங்க! முறுக்குச் சட்டி ஏறுறது இந்த அஞ்சு மணி நேரத்துக்கு மேலதான். கூடவே "நீ வீட்லதானே இருக்கே"ன்னு ஒரு வார்த்தை. சிலிண்டர் வந்தா எடுத்து வைக்க, பிளம்பர் வந்தா நிக்க, ஊர்ல இருந்து மாமா வந்தா காபி போட, எல்லாத்துக்கும் அவங்கதான். ஆபீஸ் போற புருஷனை யாரும் அப்படிக் கூப்பிடுறதில்லை.

பம்பாய் கிர்காவ்ம்ல 1959-ல ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பிச்சாங்க. அதுதான் லிஜ்ஜத். மாவு பிசையிறது பொது இடத்துல. பெண்கள் அதை வாங்கிட்டுப் போய் வீட்டுல தேய்ச்சு, மறுநாள் திருப்பிக் கொடுத்தா எடைக்கு ஏத்த கூலி கையில வந்துடும். வருஷ லாபத்துல பங்கு தனி. எனக்கு அதுல பிடிச்சது அந்தக் கூலிதான். தேய்ச்சது எத்தனை கிலோன்னு எடை சொல்லும். பேரம் பேசுற வேலையும் அவங்களுக்குக் கிடையாது. தனியா நிக்கிற மயிலாப்பூர் அக்காவுக்கு வியாபாரி, கணக்குப்பிள்ளை, பாத்திரம் தேய்க்கிறவங்க எல்லாமே அவங்கதான்.

கிராமத்துல இதெல்லாம் சரியா இருக்குன்னு நான் கதை விடலை. எங்க தெருவுல மாட்டைக் கறக்கிறது, சாணி அள்ளுறது, தண்ணி காட்டுறது எல்லாம் பெண்கள். பால் காசு மட்டும் ஆம்பளை பாக்கெட்டுக்குப் போற வீடுகள் இருக்கு. இங்க யாரும் அதை பேலன்ஸ்னு சொல்றதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அந்த அக்காகிட்ட சொன்னது ஒண்ணுதான். உங்க ஏழு மணி நேரத்துக்கு மணிக்கு நூறு ரூபாய் போட்டு, மாமியாருக்கும் பங்கு எழுதிட்டு, அப்புறம் விலை சொல்லுங்க. நாலு கிலோவுக்கு 700 ரூபாய் கூலின்னா, கிலோவுக்கு 175. விலை 445 ஆயிடும். "யாரு தம்பி வாங்குவா?"ன்னு சிரிச்சாங்க. சில பேர் போயிடுவாங்க, உண்மைதான். ஆனா அந்தக் காசு வந்தாத்தான் சட்டி தேய்க்க ஒரு ஆள் வைக்க முடியும். பொண்ணுக்குப் பரீட்சைன்னா ஒரு வாரம் அடுப்பை அணைச்சுட்டு உட்கார முடியும். ராத்திரிச் சமையலை ஐயா பார்த்துக்கட்டும்னு சொல்ற தெம்பும் அந்தக் கணக்கு நோட்டைக் காட்டினாத்தான் வரும். சும்மா கேட்டா "ஒரு ஹெல்ப்"னு ரெண்டு நாள் செய்வாரு.

படிக்கிற உங்கள்ல பல பேர் இந்த அக்காமார்கிட்டதான் தீபாவளிப் பலகாரம் வாங்குறீங்க. கடைகள்ல ஒட்டியிருக்கிற விலைச் சீட்டைப் பார்த்துப் பேசாம காசு கொடுக்கிற நாமதான், இவங்ககிட்ட மட்டும் "வீட்டுல பண்றதுதானே, கொஞ்சம் குறைங்க"ன்னு கேட்கிறோம். இந்த வருஷம் அதைக் கேட்காதீங்க. ஆர்டரையும் பத்து நாள் முன்னாடியே சொல்லிடுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டு "நாளைக்குக் காலையில மூணு கிலோ"ன்னா, அன்னைக்கும் அவங்க நாலரைக்குத்தான் எழுந்துக்கணும்.