பெயர் எழுதாத கடிதத்துக்குப் பதில்



போன மாதம் நம் அலுவலகத்துக்கு ஓர் இன்லாண்ட் கடிதம் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. எழுதியவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பதினொரு நாள் ஆகிறதாம். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை டப்பா பைக்குள் கலகலவென்று சத்தம் போட, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று, பஸ்ஸை விட்டு இறங்கி, பஞ்சு வாங்கி அடைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாராம். "யாரிடம் சொல்வது?" என்ற கேள்வியோடு கடிதம் முடிந்துவிட்டது. பதில் போட முகவரி இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் தம்பியோ தங்கையோ, எனக்குத் தெரியாது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த டப்பாவைக் கைவிடாமல் இருக்கிறீர்களே, பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

அந்த மாத்திரையின் அருமை தெரிய, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும். அன்று நோயைச் சொல்ல முடிந்தது. கையில் கொடுக்க மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. அப்படித் தரத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. இன்று பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. தொற்று உறுதியானதுமே சிகிச்சை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால், தாம்பத்தியத்தில் துணைக்குத் தொற்றாது. தொற்றில்லாத குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். "அடியோடு குணமாக்குகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

யாரிடம் சொல்வது? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை செய்த நம்பிக்கை மையத்தில் ஓர் ஆலோசகர் இருப்பார். அழுகை வந்தால் அவர் எதிரில் அழலாம். கணவர் அல்லது மனைவியிடம் எப்படிச் சொல்வது, அவரைப் பரிசோதனைக்கு எப்படி அழைத்து வருவது என்பதையெல்லாம் அந்த ஆலோசகரிடமே கேளுங்கள். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். இதே வழியில் நடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். தொற்றோடு வாழும் பெண்களுக்காக 1998-ல் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கிய கௌசல்யா பெரியசாமி, தானும் தொற்றோடு வாழ்பவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிற ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் வரும் தைரியம், எத்தனை புத்தகம் படித்தாலும் வராது.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ சிகிச்சையிலோ வாடகை வீட்டிலோ பாரபட்சம் காட்டக் கூடாது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு உங்கள் தங்கையோ, மாமாவோ, கூட வேலை பார்ப்பவரோ தனக்கு இந்தத் தொற்று இருப்பதை உங்களிடம் சொல்லலாம். "எப்படி வந்தது?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா? அடுத்து எப்ப மாத்திரை வாங்கப் போகணும்? நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கையைப் பிடித்துக்கொள்வதாலோ இது ஒட்டாது. கேட்ட விஷயத்தை மூன்றாவது ஆளிடம் கொண்டுபோகாதீர்கள்.

அந்த டப்பாவைப் பஞ்சு அடைக்காமல் அலமாரியில் வைக்க ஒரு வீடு வேண்டும். அது உங்கள் வீடாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்